கிளிப்ஷ்ஹார்ன் நடுவே வசனம் அமுங்குகிறதா?

வணக்கம் நண்பரே. இரண்டு மூலையிலும் பழைய கிளிப்ஷ்ஹார்ன் (ஒலியை விரியும் குழல் வழியே பெருக்கும் பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்), நடுவில் சின்ன சென்டர் ஸ்பீக்கர், வசனம் மட்டும் அமுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ரிசீவரை மாற்றிவிடாதீர்கள், கோளாறு அதில் இல்லை.

கிளிப்ஷ்ஹார்னின் உணர்திறன், அதாவது 1 வாட்டில் தரும் சத்தம், சுமார் 105 டெசிபல். உங்கள் சென்டர் 88 என்கிறீர்கள். இந்த 17 டெசிபலை ஈடுகட்ட ஏறக்குறைய 50 மடங்கு வாட் வேண்டும். ஹார்ன் 1 வாட்டில் முழங்கும்போது சென்டர் 50 வாட் கேட்கும். சண்டைக் காட்சியில் திணறத்தான் செய்யும். ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனியே கூட்டிக் குறைக்கும் லெவல் திருத்தமும் பெரும்பாலும் 10, 12 டெசிபலோடு நின்றுவிடும்.

நடுவிலும் ஹார்ன் வகைதான் சரி. கிளிப்ஷ்ஹார்னை உருவாக்கிய பால் கிளிப்ஷ் 1957-ல் ஹெரெசி என்ற சிறிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்ததே இரண்டு கிளிப்ஷ்ஹார்ன்களுக்கு நடுவே வைக்கத்தான். நல்ல நிலையில் பழையது கிடைத்தால் விடாதீர்கள். அதன் பேஸ் பகுதி ஹார்ன் அல்ல, உணர்திறன் சற்றுக் குறைவு என்பதால் கொஞ்சம் லெவல் ஏற்ற வேண்டியிருக்கும். அது ரிசீவருக்குள் அடங்கிவிடும்.

அப்புறம், பழைய கிளிப்ஷ்ஹார்ன் மாடல்களில் மூலைச் சுவர்தான் பேஸ் ஹார்னின் கடைசிப் பகுதி. பெட்டிக்கும் சுவருக்கும் இடைவெளி இருந்தால் பேஸ் கசியும். ஃபோம் பட்டை ஒட்டி அடைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.