மாத்திரை இலவசம்தான், ஒரு நாள் கூலி இலவசம் இல்லையே

கேள்வி: ஏழைகளுக்கும் வசதியானவர்களுக்கும் உடல்நலத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வை, ஊர் மட்டத்தில் பல தரப்பும் சேர்ந்து வேலை செய்தால் குறைக்க முடியுமா?

முடியும். எங்கள் பெரியம்மா வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா நிலக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். விடிவதற்கு முன்பே மல்லிகை பறிக்கப் போய்விடுவார். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. எனக்கும் அதே சர்க்கரைதான். ஆனால் நான் மதுரையில் இருக்கிறேன். போன் செய்தால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள், மாத்திரையும் வாசலுக்கு வந்துவிடுகிறது. பெரியம்மா பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டு வாங்கி, வெறும் வயிற்றில் டெஸ்ட் கொடுத்து, மாத்திரைக்கு இன்னொரு வரிசையில் நின்று வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். மாத்திரைக்கு ஒரு பைசா கிடையாது, ஆனால் அன்றைய கூலி போய்விடும். இரண்டு மாதம் ஒழுங்காகப் போனார், மூன்றாவது மாதம் விட்டுவிட்டார். தலை சுற்றினால் பக்கத்து வீட்டில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்.

இது அவர் ஒருவர் கதை இல்லை. தமிழகத்தில் 2020இல் நடந்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ள நூறு பேரில் 7.3 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரையில் 10.8 பேர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது இந்த நிலையில்தான்.

எனக்குப் பிடித்தது அதில் யார் யார் சேர்கிறார்கள் என்பது. மருந்தும் மருத்துவரும் சுகாதாரத் துறையுடையது. வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வருகிறார், அதே ஊர்ப் பெண். பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை தரவும் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள்.

பெரியம்மா வீட்டுக்கு வரும் அக்காவுக்கு, பூப்பறிக்கப் போனவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று தெரியும். அதனால் காலையில் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போவதில்லை, வெயில் ஏறியபின் வருகிறார். திண்ணையில் உட்காரவைத்து, "பேசாம இரு பெரியம்மா" என்று கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார், விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்ப்பார். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் மாத்திரைக் கவரில் பேனாவால் ஒன்றில் சூரியனும் இன்னொன்றில் நிலாவும் வரைந்து கொடுத்திருக்கிறார். போன முறை மிச்சம் இருந்த மாத்திரையை எண்ணிப் பார்த்து, "நாலு நாள் நிலா விட்டுப் போச்சே" என்று கேட்டாரே, அப்போதுதான் எனக்கு இந்தத் திட்டத்தின் அருமை புரிந்தது. எந்த ஆஸ்பத்திரி வரிசையிலும் இந்தக் கேள்வி வராது.

2023-24இல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் அந்த 7.3 சதவீதம் 17 ஆகவும், 10.8 சதவீதம் 16.7 ஆகவும் உயர்ந்திருக்கிறது. இன்னும் போகவேண்டிய தூரம் நிறைய. ஆனாலும் இது சின்ன விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் இந்த வழியில் போனார்கள். 1993இல் அங்கே போனவர்கள், மலைவாழ் மக்கள் கட்டிக்கொடுத்த ஓலைக் குடிசையில் வைத்தியம் பார்த்தார்கள், அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள். வெளியூரிலிருந்து வரும் மருத்துவரை நம்ப நாளாகும். கூட வளர்ந்த பெண் சொன்னால் உடனே கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான். அதை முறையான சம்பளமாக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரியம்மாவின் கூலியைக் காப்பாற்ற இன்னொரு பெண் தன் கூலியை விட்டுக்கொடுப்பது நியாயம் இல்லை.

உங்கள் ஊரில் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் இருந்தால், துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.