கூப்பிடப்படாத அரை மணி நேரம்

கேள்வி: வேலை, குடும்பம் என்று மனத்துக்கு ஓய்வே இல்லை. வீட்டில் எனக்கென்று ஓர் அமைதி மூலையை அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். அதற்கு என்னென்ன வாங்க வேண்டும், சுவருக்கு எந்த நிறம் நல்லது?

பதில்: நிறத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கண்ணை உறுத்தாத எந்த நிறமும் போதும். இப்போதுள்ள நிறமே அப்படி இருந்தால் சுவரைத் தொடவே வேண்டாம்.

என்னை நிறுத்திவைத்தது உங்கள் கேள்வியில் வரும் 'வாங்க வேண்டும்' என்ற பகுதிதான். களைத்துப்போன ஒருவர் அமைதியைப் பற்றி நினைத்தவுடன் பொருட்பட்டியல்தான் அவர் மனத்தில் எழுகிறது என்றால், அந்தப் பழக்கத்தை அவருக்குள் விதைத்தவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. வாசனை மெழுகுவத்தி, சிறு நீரூற்று, திண்டு, சிலை, மணி என்று ஒரு மூலையை நிரப்பச் சொல்லும் வீட்டலங்காரக் கட்டுரைகளோடு இந்தப் பக்கத்தில் நெடுநாளாகச் சண்டையிட்டு வருகிறேன். அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றையும் துடைப்பதும் நிரப்புவதும் மாற்றுவதும் இன்னொரு வேலையாக உங்கள் தலையிலேயே வந்து விழும் என்பதை அவை ஒருநாளும் எழுதியதில்லை. மூடிய சிறிய அறையில் எரியும் மெழுகுவத்தியும் ஊதுபத்தியும் நுண்துகள்களைக் காற்றில் கலக்கின்றன. ஆழ்ந்து மூச்சு விடுவதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் அவற்றை ஏற்றி வைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொருள்களை விட்டுவிட்டால், அந்த மூலையில் நீங்களும் உங்கள் எண்ணங்களும்தான் மிஞ்சுவீர்கள். அது எளிதான நிலையன்று. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோதி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஒரு சோதனையில், பங்கேற்றவர்கள் ஓர் அறையில் 15 நிமிடங்கள் வேறெதுவும் செய்யாமல் சிந்தித்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியிருந்தது. விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். அதே அதிர்ச்சியை முன்னரே அனுபவித்து, பணம் கொடுத்தாவது அதைத் தவிர்ப்போம் என்று கூறியிருந்தவர்களில், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். ஆகவே முதல் வாரத்தில் மனம் அலைபாய்ந்தால் இடம் சரியில்லை என்று மூலையை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். கைக்கு ஏதேனும் சிறு வேலை இருப்பதும் தவறில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் வலியுறுத்துவது சன்னலைத்தான். ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளை ஒப்பிட்டது. சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. ஒரே மருத்துவமனையில் நடந்த சிறிய ஆய்வுதான் என்றாலும், இருக்கிற நாற்காலியை மரமோ வானமோ தெரியும் பக்கம் திருப்பிப் போடுவதற்கு அது போதுமான காரணம்.

அடுத்தது ஓசை. இதைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபலுக்கு (ஒலியை அளக்கும் அலகு) மேற்படாத ஒலியே உறக்கத்துக்கு உகந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்தது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, இருபது கூடினால் நூறு மடங்காகிறது. கனமான திரைச்சீலை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் தணிக்கும், வெளியிலிருந்து வரும் இரைச்சலை அதிகம் தடுக்காது. கதவின் அடியிலும் சன்னலின் விளிம்பிலும் உள்ள இடைவெளியை அடைப்பது அதைவிட நல்ல பயன் தரும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஒலியை நிறுத்திப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதாதா என்று சென்ற முறை என்னோடு வாதிட்டவர்களுக்கும் இதுவே என் பதில்: கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வரை, அதை எடுக்காமல் இருப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது.

இவ்வளவும் செய்த பிறகும், 'அது எங்கே இருக்கிறது?' என்று வீட்டுக்குள்ளிருந்து வரும் ஒரு குரல் அத்தனையையும் கலைத்துவிடும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தேன் 1571-இல் பொதுப் பணியை விட்டு விலகித் தம் மாளிகையின் கோபுரத்து நூலகத்தில் ஒதுங்கினார். மனைவி, பிள்ளை, வெளியார் எவருடைய தலையீடும் இல்லாமல் அந்த ஒரு மூலையைக் காக்க முயல்வதாக எழுதினார். அவருக்குக் கோபுரமும் இருந்தது, கீழே வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள். கோபுரம் இல்லாத நம் போன்றவர்களுக்கு மூலையை உருவாக்கித் தருவது வீட்டாரின் சம்மதம் மட்டுமே. இன்ன நேரத்திலிருந்து அரை மணி நேரம் இவரை யாரும் கூப்பிடுவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டால், பொதுக்கூடத்தில் கிடக்கும் ஒரு நாற்காலிகூட அமைதி மூலையாகிவிடும்; அந்த முடிவு இல்லாத வீட்டில் தனி அறையும் பயன்படாது.

'எனக்கென்று' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த விருப்பம் நியாயமானது, அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தில் அடுப்பையும் அழைப்பு மணியையும் பிள்ளைகளின் கேள்விகளையும் கவனிக்கப்போகிறவர் யார் என்பதையும் அதே பேச்சில் தீர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அரை மணி நேரம் வேண்டும், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் வேண்டும், யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதென்று பேசாமலிருக்கும் முதியவருக்கும் வேண்டும். ஒரே நாற்காலியை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருநாள் முழுவதும் வீட்டில் யாருடைய பெயர் அதிகமாக அழைக்கப்படுகிறது என்று கவனியுங்கள். அது உங்கள் பெயராக இல்லாவிட்டால், அவருடைய நேரத்தை முதலில் குறித்துவிட்டு உங்களுடையதை அடுத்து எழுதுங்கள்.