பனிக்கரடிகள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், கடற்பனி சுருங்குவதால் பனிக்கரடிகளுக்கு ஆபத்து என்ற தலைப்பில் பள்ளி விவாதப் போட்டியில் பேசப் போகிறாள். எதிரணியினர் மூன்று விஷயங்களை வைத்து மடக்குவார்கள் என்று பயப்படுகிறாள். 1960களில் இருந்ததைவிட இப்போது கரடிகள் அதிகம், அவை நன்றாக நீந்தும், பனி இல்லாவிட்டால் நிலத்தில் கிடைப்பதைத் தின்று பிழைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் அவள் என்ன பதில் சொல்லலாம்?

பதில்: அந்த மூன்றிலுமே கொஞ்சம் உண்மை இருக்கிறது. "அதெல்லாம் பொய்" என்று உங்கள் மகள் ஆரம்பித்தால் அவளே மாட்டிக்கொள்வாள். உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டு, அப்புறம் விட்டுப்போனதைச் சொல்வதுதான் நல்லது. அதற்கு, கரடிக்குப் பனி எதற்கு என்பது அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்க வேண்டும்.

பனிக்கரடிக்குக் கடற்பனிதான் வேட்டைக்களம். அதன் முக்கிய உணவு வளையச் சீல் என்ற கடல்நாய். சீல் தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். கடல் உறைந்திருக்கும்போது தன் நகங்களால் பனியைச் சுரண்டி மூச்சுத்துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும். கரடி அந்தத் துளையின் ஓரத்தில் சத்தமே இல்லாமல் காத்துக் கிடக்கும். வசந்தத்தில் வேட்டை இன்னும் சுலபம். சீல்கள் பனிப்படலத்தின் மேல் படிந்த வெண்பனியில் குகைபோல் குடைந்து குட்டி போடும். கரடி மோப்பம் பிடித்து வந்து கூரையை உடைத்து உள்ளே பாயும். பால்குடி மறக்கும் சமயத்தில் அந்தக் குட்டியின் உடம்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கரடிக்கு வேண்டியது அந்தக் கொழுப்புதான். வசந்தம் முதல் கோடைத் தொடக்கம் வரை தின்று சேர்ப்பதை வைத்துத்தான் மீதி மாதங்களை அது ஓட்ட வேண்டும். திறந்த கடலில் சீலை விரட்டிப் பிடிக்கக் கரடியால் பெரும்பாலும் முடியாது.

ஆகவே, எத்தனை கரடிகள் என்று கேட்பதற்கு முன், ஒரு கரடி வருஷத்தில் எத்தனை நாள் பட்டினி கிடக்கிறது என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் மகள் தன் பேச்சு முழுவதையும் இந்த ஒரு கேள்வியின் மேலேயே கட்டலாம்.

இதற்குச் சரியான உதாரணம் கனடாவின் ஹட்சன் விரிகுடா. அங்கே கோடையில் பனி முழுவதும் உருகிவிடும். கரடிகள் கரையேறி, குளிர்காலத்தில் கடல் மறுபடி உறையும்வரை காத்திருக்கும். இது அவற்றுக்குப் பழக்கமான பட்டினிதான். ஆனால் விரிகுடாவின் மேற்குப் பகுதியில் பனியில்லாத காலம் 1980களில் இருந்ததைவிட இப்போது மூன்று, நான்கு வாரம் நீண்டுவிட்டது. கரையில் இருக்கும் கரடி சராசரியாக நாளுக்கு ஒரு கிலோ எடை இழக்கிறது. பெரிய ஆண் கரடி இதைத் தாங்கிவிடலாம். கர்ப்பிணிக் கரடியின் நிலை வேறு. அங்கே அது குகைக்குள் குட்டி ஈன்று, பால் கொடுத்து, திரும்பப் பனிக்கு வரும்வரை எட்டு மாதம் வரை எதுவும் தின்னாமல் இருக்கிறது. வசந்தத்தில் இணை சேர்ந்தாலும் கரு இலையுதிர் காலத்தில்தான் கருப்பையில் ஒட்டி வளரத் தொடங்கும். அதற்குள் உடம்பில் போதிய கொழுப்பு சேரவில்லை என்றால் குட்டி பிறக்காமலே போகலாம். பிறக்கும் குட்டியும் அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும் அளவுதான் இருக்கும், பால் குறைந்தால் தாங்காது. செத்து விழும் கரடிகளை மட்டும் தேடினால் இந்தச் சேதம் கண்ணில் படாது. பிறக்காத குட்டிகளையும், ஒரு வயதைத் தாண்டாத குட்டிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1987இல் இந்தப் பகுதியில் சுமார் 1,200 கரடிகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பின் மதிப்பீடு 618. சில கரடிகள் பக்கத்துப் பகுதிக்கு நகர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் அவள் மறைக்க வேண்டாம்.

சரி, எதிரணியின் முதல் வாதம். 1960களில் கரடிகளை யாரும் முறையாக எண்ணவில்லை, அப்போது சொல்லப்பட்டவை ஊகங்கள். ஆனால் அன்று கட்டுப்பாடில்லாத வேட்டை நடந்தது என்பது உண்மை. 1973இல் கனடா, அமெரிக்கா, டென்மார்க், நார்வே, சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்தும் பனிக்கரடிப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தன. வேட்டை கட்டுப்பட்டதும் சில இடங்களில் எண்ணிக்கை மீண்டது. துப்பாக்கியால் வந்த சரிவைத் தடுத்தது ஒப்பந்தம். பனி உருகுவதை அந்த ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது. இன்று உலகில் சுமார் 26,000 கரடிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவை இருபது வரையிலான தனித்தனிக் கூட்டங்களாக வாழ்கின்றன, எல்லாக் கூட்டங்களின் கதையும் ஒன்றல்ல. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள சுக்சி கடலில், பனி குறைந்தும் கரடிகள் நல்ல உடல்நிலையில் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆழம் குறைந்த, உணவு வளம் மிக்க கடல் அது, சீலுக்குப் பஞ்சமில்லை. இதை எதிரணி சொல்லும்வரை காத்திருக்காமல் உங்கள் மகளே சொல்லிவிடட்டும். பக்கத்திலேயே உள்ள தெற்கு பியூஃபோர்ட் கடலில் 2001 முதல் 2010 வரையிலான காலத்தில் எண்ணிக்கை ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்ததையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நீச்சல் வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். 2008இல் பியூஃபோர்ட் கடலில், கழுத்தில் கண்காணிப்புப் பட்டை கட்டிய ஒரு பெண் கரடி ஒன்பது நாள் விடாமல் 687 கிலோமீட்டர் நீந்தியது. இரண்டு மாதத்தில் அதன் எடையில் 22 சதவீதம் போய்விட்டது. கூட இருந்த ஒரு வயதுக் குட்டியையும் அது இழந்துவிட்டது. கரடிக்கு நீந்தத் தெரியும், ஆனால் அதற்கு இவ்வளவு விலை கொடுக்கிறது.

நிலத்து உணவுக்கு வருவோம். கரையில் கரடிகள் பெர்ரிப் பழங்கள், புல், பறவை முட்டை, செத்த விலங்குகள் எல்லாம் தின்கின்றன. 2024இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 20 கரடிகளுக்குக் கேமரா பொருத்திய கழுத்துப்பட்டை கட்டிப் பார்த்தார்கள். சில சும்மா படுத்துக் கிடந்தன, சில அலைந்து திரிந்து இரை தேடின. 20இல் 19 கரடிகள் இளைத்தன. தேடித் தின்றவை அந்தத் தேடலுக்கென்று கூடுதலாகச் செலவழித்த சக்தியும் தின்றதில் கிடைத்த சக்தியும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது. சீல் கொழுப்பின் இடத்தைப் பழத்தால் நிரப்ப முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. 2017இல் இணையமெங்கும் பரவிய, எலும்பும் தோலுமான கரடியின் காணொளியை அவள் காட்ட வேண்டாம். பார்க்கவே மனசு பதறும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரடி ஏன் அப்படி ஆனது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. முதுமையோ நோயோ காயமோகூடக் காரணமாக இருந்திருக்கலாம். அதைப் பரப்பிய நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையே, பருவநிலை மாற்றத்தோடு அதை அவ்வளவு உறுதியாகச் சேர்த்துச் சொன்னது தவறு என்று அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது. எதிரணிக்கு இது தெரிந்திருந்தால் அவளுடைய மற்ற வாதங்களும் அடிபடும்.

"சரி, இனி என்ன செய்ய முடியும்?" என்று நடுவர் கேட்கலாம். கரடிகளுக்குத் தீனி போடுவதெல்லாம் இதற்குத் தீர்வாகாது, பனி இருந்தாக வேண்டும். 2016இல் வந்த ஒரு கணக்கு அவளுக்குக் கைகொடுக்கும். காற்றில் சேரும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் செப்டம்பர் மாத ஆர்க்டிக் கடற்பனியில் சுமார் மூன்று சதுர மீட்டர் குறைகிறது. உமிழ்வைக் குறைத்தால் உருகும் வேகமும் அதே கணக்கில் குறையும்.