பனிக்காலத்தில் கனடா போன்ற குளிர் இடங்களிலிருந்து மோட்டார்ஹோமில் (வீடாகவும் இருக்கும் வண்டியில்) தெற்கே போகும் ‘ஸ்னோபேர்டு’கள் எங்கே தங்குகிறார்கள்? செலவு கட்டுப்படியாகுமா?

பாலைவனம் பிடித்தால் கட்டுப்படியாகும். அமெரிக்காவின் அரிசோனாவில் குவார்ட்சைட் ஊரை ஒட்டிய லா போசா அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். மொத்த ஏழு மாதத்துக்கும் பல வருஷமாக 180 டாலர்தான் வாங்கினார்கள். ஆனால் வண்டிக்குக் கரண்டோ தண்ணீர்க் குழாயோ வராது.

கழிவுத்தொட்டிதான் ஆளைப் படுத்தும். அது நிறைந்தால் நாற்காலி, பந்தல் எல்லாவற்றையும் மடக்கி, வண்டியைக் கிளப்பிப் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். பாத்திரம் கழுவுவதில் சிக்கனம் தானாக வந்துவிடும்!

பகல் இதமாக இருக்கும். ஜனவரி ராத்திரி நடுக்கும். ஹீட்டர் எரிவது கேஸில் என்றாலும் அதன் விசிறி ஓடுவது பேட்டரியில். விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டால் கம்பளிதான் கதி.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்காரர்கள் நாட்களையும் எண்ண வேண்டும்: மாகாண மருத்துவக் காப்பீடு தொடர, பொதுவாக 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருக்கக் கூடாது.