அக்கரையில் உங்கள் கூட்டாளி யார்?

கேள்வி: கடல் உயிரியலில் முனைவர் பட்டம் முடிக்கப்போகிறேன். என் தோழி சமூகவியல் துறை. இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு நிதி கிடைக்கும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது மேடம்?

பதில்: விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் பல வருடம் இருந்தவள் நான். நிதி அறிவிப்பைத் தேடும் முன், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆளைத் தேடுங்கள் என்பேன். விண்ணப்பம் கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது பட்ஜெட் பக்கத்தைத்தான். ஒரு தரப்புக்கு ஆராய்ச்சியாளர் சம்பளம், படகு வாடகை, ஆய்வகச் செலவு என்று பத்தி பத்தியாக இருக்கும். மறுதரப்புக்கு 'பயிலரங்கம், பயணப்படி' என்று ஒரே வரி. அக்கரைக்காரரைப் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்படி வந்த நல்ல யோசனைகள் பல தள்ளுபடியானதைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

ஆய்வுக் கேள்வியே இருவரும் சேர்ந்து கேட்டதாக இருக்க வேண்டும். அயர்லாந்தின் வடக்கு எல்லையில் ஃபொய்ல் என்றொரு கடற்கழி இருக்கிறது. ஒரு கரை அயர்லாந்துக் குடியரசின் டோனகால், மறுகரை பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்து. கழிக்குள் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதில் இரு அரசுகளுக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. வட அயர்லாந்து மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த 1998 பெரிய வெள்ளி ஒப்பந்தத்தை ஒட்டி உருவான லாக்ஸ் ஏஜென்சி என்ற அமைப்பு, இரு தரப்புக்கும் பொதுவாக அங்கே மீன்வளத்தைக் கவனிக்கிறது. ஆனால் கரையோரத்தில் சட்டகங்கள் அடித்து பசிபிக் சிப்பி வளர்ப்பதற்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது தீராததால், உரிமமில்லாமலே அந்தச் சட்டகங்கள் பெருகின. அங்கேயே காலங்காலமாக இருக்கும் நாட்டுச் சிப்பியின் கதி என்ன என்று நீங்கள் கேட்கலாம். சட்டகம் அடித்தவருக்கு வேறு என்ன பிழைப்பு இருந்தது, நாட்டுச் சிப்பி எடுப்பவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று உங்கள் தோழி கேட்கலாம். இரண்டில் ஒன்றை விட்டாலும் மற்றது அரைகுறைதான். ஒரு கரையில் மட்டும் நின்று கேட்டாலும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட கூட்டு வேலைக்காகவே அங்கே வடக்கு–தெற்கு ஆய்வுத் திட்டம் வந்தது. தீவின் இரு பகுதிகளும் சேர்ந்து செய்யும் வேலைகளுக்காக அயர்லாந்து அரசு வைத்திருக்கும் 'பகிர்ந்த தீவு' நிதியில் நடக்கிறது. 2022-இல் 62 திட்டங்களுக்கு 3.7 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கினார்கள். வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் என்று சேர்ந்து வந்தால்தான் பணம்.

கேள்வி: மீனவர் நேர்காணல்களைக் கடைசி ஆண்டில் ஒரு அத்தியாயமாகச் சேர்த்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. மாதிரி எடுக்கும் இடத்தையே மீனவர் சொல்லித்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தவிர, நேர்காணலுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களின் அறநெறிக் குழுக்களும் ஒப்புதல் தர வேண்டியிருக்கலாம். ஒலிப்பதிவை எல்லை தாண்டி அனுப்பும்போது தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். ஒரு மீனவர் வலை போடும் இடம் அவர் சொத்து மாதிரி. அதை வரைபடத்தில் புள்ளி வைத்து வெளியிட்டுவிட்டு, அடுத்த முறை அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இதையெல்லாம் முதல் மாதத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பக்கத்து நாட்டுக் கடலில் ஆய்வுக் கப்பலை இறக்க, பல்கலைக்கழகங்களுக்குள் ஒப்பந்தம் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் ஆய்வு செய்ய அந்த நாட்டு அரசின் சம்மதம் வேண்டும். 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்வது இது. என்ன ஆய்வு, எந்தக் கப்பல், எந்தப் பகுதி, எந்தத் தேதி என்ற விவரம் குறைந்தது ஆறு மாதம் முன்னதாக அவர்கள் கையில் இருக்க வேண்டும். அந்த நாடு விரும்பினால் அதன் விஞ்ஞானிகளையும் கப்பலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தரவையும் மாதிரிகளையும் பார்க்கக் கொடுக்க வேண்டும். ஆகவே கால அட்டவணையில் முதல் ஆறு மாதத்துக்குள் கடல் பயணத்தை வைத்த விண்ணப்பம் வந்தால், அனுமதியைப் பற்றி யோசித்தார்களா என்று கேட்காமல் விடமாட்டேன். இனிமேல்தான் அனுமதி கேட்கப்போகிறீர்கள் என்றால், முதல் பருவத்தைக் கரையோர வேலைக்கும் நேர்காணலுக்கும் ஒதுக்குங்கள்.

கேள்வி: இரண்டு நாட்டு நிதி நிறுவனங்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா?

பதில்: திட்டத்துக்குத் திட்டம் மாறும். சில இடங்களில் இரு நிறுவனங்களும் பேசிவைத்து, அவற்றில் ஒன்று மட்டும் விண்ணப்பத்தை வாங்கி மதிப்பிடும். தேறினால் அவரவர் நாட்டு ஆய்வாளருக்கு அவரவர் பணம் தருவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் கூட்டுத் திட்டம் என்றால் பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளின் நிறுவனங்களாவது சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு நேரடிச் செலவில் 25 சதவீதம் தருகிறார்கள். எதற்கு எழுதினாலும் உங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகத்திடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அறிவிப்பில் உள்ள கடைசி தேதிக்கு முன்பாகவே அவர்கள் ஒரு தேதி வைத்திருப்பார்கள். கையெழுத்து இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் வர வேண்டும். அக்கரையில் அந்த வாரம் விடுமுறையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.