எச்சம் முதல் ஜீனோம் வரை: குரங்கின மரபியல் கேள்வி பதில்

கே: மேடம், ஆனைமலைச் சோலைமந்திகளின் எச்சத்திலிருந்து முழு ஜீனோம் (மொத்த டிஎன்ஏ வரிசை) எடுக்க முடியுமா? ரத்தம் எடுக்க வழியில்லை.

ப: முடியும். ஆனால் எச்சத்திலுள்ள டிஎன்ஏவில் பெரும்பங்கு பாக்டீரியாவுடையது. பல மாதிரிகளில் மந்தியின் பங்கு 5 சதவீதத்தையும் எட்டாது. அப்படியே சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏ எழுத்துகளைப் படிப்பதற்கு) அனுப்பினால் பணமெல்லாம் பாக்டீரியாவைப் படிக்கவே போகும்.

குடல் செல்கள் ஒட்டியிருப்பது மேற்பரப்பில்தான். அதை மட்டும் சுரண்டி எடுங்கள். ஒரு நாள் எத்தனாலில் வைத்துவிட்டு, சிலிகா ஜெல்லுக்கு மாற்றி உலர்த்துங்கள். ஆய்வகத்தில், மெத்தில் என்ற வேதிக்குறி ஏறிய சிபிஜி தளங்களைப் (டிஎன்ஏவில் சி எழுத்தை அடுத்து ஜி வரும் இடங்கள்) பற்றும் புரதம் பூசிய காந்தமணிகளைப் பயன்படுத்தினால் மந்தி டிஎன்ஏ செறிவாகும். பாக்டீரியா டிஎன்ஏவில் அத்தகைய தளங்கள் அரிது.

பெரிய ஆபத்து இனிமேல்தான். டிஎன்ஏ குறைவாக இருந்தால் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளில் ஒன்று விடுபட்டுப்போகும். இல்லாத உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுகளுக்குள் இனச்சேர்க்கை) இருப்பதாகத் தெரியும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்ட காடுகளில் வாழும் மந்திகளைப் பற்றி அப்படித் தவறாகச் சொல்லிவிடக்கூடாது. ஒரே மாதிரியிலிருந்து இரண்டு மூன்று முறை தனித்தனியே டிஎன்ஏ பிரித்து, லைப்ரரி (சீக்வென்சிங்குக்குத் தயாரான டிஎன்ஏ துண்டுத் தொகுப்பு) செய்து ஒப்பிட்டே ஆகவேண்டும்.

கே: படித்த டிஎன்ஏ துண்டுகளை எந்த ரெஃபரன்ஸில் (ஒப்பிட உதவும் மாதிரி ஜீனோம்) பொருத்துவது? மனித ஜீனோம்தானே மிகத் தரமானது?

ப: தரத்தைவிட உறவு முக்கியம். சோலைமந்தியும் ரீசஸ் குரங்கும் மக்காக் என்ற ஒரே பேரினம்; அதனால் சோலைமந்திக்கு ரீசஸ் ரெஃபரன்ஸ் போதும். மக்காக் இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதானால், எல்லாவற்றுக்கும் சம தொலைவிலுள்ள பபூன் நல்லது. இல்லையென்றால் ரீசஸுக்கு நெருங்கிய இனத்தின் ரீடுகள் (படித்த டிஎன்ஏ துண்டுகள்) மட்டும் கூடுதலாகப் பொருந்தும். இரு வடிவமுள்ள தளங்களில் ரெஃபரன்ஸ் வடிவம் பாதிக்குமேல் தொடர்ந்து வந்தால் சாய்வு இருக்கிறது என்று பொருள்.

கே: பிஎஸ்எம்சி (ஒரே ஜீனோமிலிருந்து இனத்தின் பழங்கால எண்ணிக்கையைக் கணிக்கும் முறை) வரைபடத்தில் எண்ணிக்கை திடீரென ஏறுகிறது. இனம் பெருகியதா?

ப: அவசரப்படாதீர்கள். கூட்டங்கள் பிரிந்து கலப்பு குறைந்தாலும் அதே ஏற்றம் வரும். உருமாற்ற வீதத்தையும் (டிஎன்ஏவில் புதிய மாற்றங்கள் தோன்றும் வேகம்) பாருங்கள். ரீசஸ் குடும்பங்களில் அளந்தது, தலைமுறைக்கு நூறு கோடித் தளங்களில் ஏறத்தாழ 6 முதல் 8. மனித வீதமான 12ஐப் போட்டால் கணித்த எண்ணிக்கையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். தலைமுறைக் காலம் மக்காக்குக்குச் சுமார் 11 ஆண்டு. சராசரி ஆழம் (ஒரு தளம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பது) 18 மடங்குக்குக் கீழே இருக்கும் ஜீனோமை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கே: நேர்த்தேர்வுச் சோதனையில் (பயனுள்ள மாற்றங்கள் இயற்கைத் தேர்வால் பரவிய ஜீன்களைத் தேடுவது) 400 ஜீன்கள் வந்துவிட்டன!

ப: முதல் ஐம்பதின் அலைன்மென்ட்டையாவது (பல இனங்களின் ஜீன் வரிசைகளை ஒன்றுக்கொன்று நேராக அடுக்கியது) கண்ணால் பாருங்கள். அடுத்தடுத்த நாலைந்து கோடான்களில் (மூன்றெழுத்துத் தொகுதிகள்) மாற்றங்கள் குவிந்திருந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் பிழைதான், அல்லது வேறு எக்ஸான் (ஜீனின் வேறொரு பகுதி) சேர்ந்துவிட்டது. ஏ, டி எல்லாம் ஜி, சி ஆகவே மாறியிருந்தால், மறுசேர்க்கை (தாய்வழி, தந்தைவழி டிஎன்ஏ துண்டுகள் இடம் மாறுவது) மிகுந்த இடத்தில் நடக்கும் ஜிசி சாய்வு அது. தேர்வைப் போலவே தோன்றும். இரண்டையும் வடிகட்டாமல் செயல்பாட்டுத் தொகுப்புப் பகுப்பாய்வுக்குப் (எந்த வேலை செய்யும் ஜீன்கள் அதிகம் என்று பார்ப்பது) போகாதீர்கள்.

கே: டிஎன்ஏவை ஜெர்மனிக்கு எடுத்துப்போக அனுமதி வேண்டுமா?

ப: வேண்டும். சோலைமந்தி சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. பிரித்தெடுத்த டிஎன்ஏவுக்கும் அது பொருந்தும். தேசியப் பல்லுயிர் ஆணைய அனுமதி, வனத்துறையின் சேகரிப்பு அனுமதி இரண்டையும் களத்துக்குப் போகுமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.