வைரஸின் மடிப்புகளைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை தாங்களும் தங்கள் மகளும் வந்து சென்றபோது, அவர் படியிறங்கிய பிறகு தாங்கள் மட்டும் திரும்பி வந்து, "வைரஸைப் பற்றி அஞ்சு வருஷம் ஆராய்ச்சி பண்ணிட்டு இவ என்ன சார் வேலைக்குப் போவா? பேசாம பி.எட். சேர்த்துவிட்டா ஒரு பள்ளிக்கூட வேலையாவது கிடைக்குமே?" என்று கேட்டீர்கள். நின்றுகொண்டே பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தாங்கள் வெளியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தங்கள் மகள் என் மேசையிலிருந்த தாளின் ஓரத்தை நீளவாக்கில் கிழித்து, அதில் வரிசையாக எழுத்துகளை எழுதி, நாடாவைப் போல மடித்துக் காட்டினார். கோவிட் வைரஸின் மரபுப்பொருள் 29,903 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. செல்லுக்குள் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்துகள் கொண்ட சொற்களாகப் படித்துப் புரதத்தைக் கட்டிக்கொண்டே போகிறது. நடுவில் ஓரிடத்தில் யு-யு-யு-ஏ-ஏ-ஏ-சி என்று ஏழு எழுத்துகள் வருகின்றன. அதற்குச் சற்று அப்பால் இழை தன்மேலேயே மடங்கி ஒரு முடிச்சாக நிற்கிறது. முடிச்சில் முட்டித் தயங்கும் ரைபோசோம்களில் ஒரு பகுதி ஓர் எழுத்து பின்னால் வழுக்கிவிடுகின்றன. வழுக்காதவை அடுத்த நான்கு சொற்களைத் தாண்டியதும் 'நிறுத்து' என்ற குறியைச் சந்தித்து நின்றுவிட, வழுக்கியவையோ 13,468-ஆவது எழுத்தை இரண்டாம் முறை படித்துவிட்டு, ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்கான பகுதியைப் படிக்க மேலே செல்கின்றன. ரெம்டெசிவிர் மருந்து குறிவைப்பது அந்த நொதியைத்தான். எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை, எழுத்தில் ஒரு மாற்றமும் செய்யாமல், மடிப்பின் மூலமாகவே வைரஸ் நிர்ணயித்துக்கொள்கிறது. மரபணு ஒழுங்காற்றல் என்று தங்கள் மகள் சொன்னது இதைத்தான்.

இது கோவிட் காலத்தில் திடீரென முளைத்த துறையன்று. இவ்வகை வழுக்கல் 1985-இல் கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் வைரஸ் ஒன்றிலும், 1987-இல் கோழிகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றிலும் கண்டறியப்பட்டது. அதனால் 2020-இல் புதிய வைரஸின் எழுத்து வரிசை வெளியானபோது, அதில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது இத்துறையினருக்கு முன்பே தெரிந்திருந்தது. நம் ஊரில் மழைக்காலந்தோறும் அச்சுறுத்தும் டெங்குவின் இழை ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்டது. அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று தேடி வந்து இணைந்து வளையமானால்தான் படியெடுத்தல் தொடங்குகிறது.

இனி வேலைக்கு வருகிறேன். தங்கள் மகள் கற்கப்போவது ஒரு வைரஸை அன்று, ஆர்.என்.ஏ. எப்படி மடங்குகிறது, அந்த மடிப்பை எப்படிக் கண்டறிவது, எப்படி மாற்றுவது என்னும் திறனை. அந்தத் திறனுக்கு வைரஸுக்கு வெளியேயும் இடம் இருக்கிறது. புரதம் செய்வதற்கான செய்தியைச் செல்லுக்குள் ஆர்.என்.ஏ. வடிவில் அனுப்பும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியின் இழை உடலுக்குள் எவ்வளவு நேரம் சிதையாமல் நிற்கும் என்பதில் அதன் முனைகளுக்கும் மடிப்புக்கும் பெரும் பங்கு உண்டு. 2022 ஜூன் மாதம் அனுமதி பெற்ற இந்தியாவின் முதல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி புனேயிலுள்ள ஜென்னோவா நிறுவனத்தில் உருவானது. அதில் இருப்பது, செல்லுக்குள் சென்றதும் தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் ஆர்.என்.ஏ., அந்த ஏற்பாடு ஒரு வைரஸ் குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. நோயறி சோதனைகள், ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் மருந்துகள் ஆகியவற்றிலும் இதே அறிவு தேவைப்படுகிறது. ஆனால் இவ்வேலைகள் பெரும்பாலும் பெங்களூரு, ஐதராபாத், புனே ஆகிய ஊர்களிலேயே இருக்கின்றன என்பதையும், எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொள்பவர்களில் பலர் மெடிக்கல் கோடிங் போன்ற வேறு பணிகளுக்கே போக நேர்கிறது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

ஆபத்தைப் பற்றி வீட்டில் அவருடைய அம்மா கவலைப்படுவதாகச் சொன்னீர்கள். இவ்வகை ஆய்வின் பெரும்பகுதி, உயிருள்ள வைரஸைத் தொடாமல், சோதனைக் குழாயில் தயாரித்த நூறு இருநூறு எழுத்துகள் நீளமுள்ள துண்டுகளைக் கொண்டே நடக்கிறது. அந்தத் துண்டுகளால் நோய் பரவாது. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி நம் விரல் நுனியிலேயே இருப்பதால், அங்கே கையுறை அணிவது முதன்மையாக நம்மிடமிருந்து அந்த இழையைக் காப்பாற்றத்தான்.

நான் உறுதியாக வலியுறுத்துவது ஒன்றுதான்: உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்க்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியை, "சேர்ந்துகொள்ளுங்கள், உதவித்தொகை பிறகு வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அது வரவில்லை. நான்காம் ஆண்டில், வேதிப்பொருள் வாங்கவும் விடுதிக் கட்டணம் செலுத்தவும் வழியின்றி அவர் ஆய்வை விட்டு வெளியேறினார். அந்த அறிவுரை தவறு. அதை இன்னொருவருக்கு நான் சொல்லமாட்டேன். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியுடன் கிடைக்கும். 2023 முதல் இதுவே விகிதம். ஆய்வு உதவித்தொகைக்காக மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை சார்பில் நடக்கும் பி.இ.டி. (BET) தகுதித் தேர்வு இன்னொரு வழி. இரண்டு முயற்சிகள் வரை பொறுத்திருங்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் பி.எட். எங்கும் போய்விடாது.

அதற்கு முன், இந்தத் துறை அவருக்கு ஒத்துவருமா என்பதைச் செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அவருடைய வேதியியல் மதிப்பெண்கள் நன்றாக உள்ளன. ஆனால் இதுவரை ஒரு கணினி நிரல்கூட எழுதியதில்லை என்றார். மரபு வரிசைகளைப் பொதுவில் வைத்திருக்கும் ஜென்பேங்க் தரவுத்தளத்திலிருந்து கோவிட் வைரஸின் வரிசையை இறக்கிக்கொண்டு, நான் மேலே சொன்ன ஏழு எழுத்துகளை அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும் (அங்கே யு என்ற எழுத்து டி என்றே பதிவாகியிருக்கும்). அதற்கு அடுத்த நூறு எழுத்துகளை, வியன்னா பல்கலைக்கழகத்தினர் இலவசமாகத் தரும் ஆர்.என்.ஏ.ஃபோல்டு மென்பொருளில் இட்டால் ஒரு மடிப்பு வரைபடம் கிடைக்கும். அந்தப் படத்தில் முடிச்சு இருக்காது. அத்தகைய முடிச்சுகளை அந்த மென்பொருள் கணக்கில் எடுப்பதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு "அழகாக இருக்கிறது" என்று அவர் மூடிவைத்துவிட்டால், ஆசிரியப் பணியே அவருக்கு நிறைவு தரும் என்று நான் சொல்வேன். "முடிச்சு எங்கே போயிற்று? அது இருப்பதை ஆய்வகத்தில் எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டு, விடை தேடி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தால், ஐயா, தடுக்காதீர்கள்.

அப்படியானால் பைத்தான் நிரல் மொழியையும் அடிப்படைப் புள்ளியியலையும் இந்த ஆண்டே தொடங்கட்டும். இறுதிப் பருவத் திட்டப்பணியை ஆர்.என்.ஏ. கையாளும் ஆய்வகத்தில் செய்ய முயலட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐதராபாத் சி.சி.எம்.பி. (செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம்) போன்ற இடங்களிலுள்ள பேராசிரியர்களுக்கு இப்போதே எழுதலாம். நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகளும் இணைந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனத்தின் பெயரைவிட, அவரிடம் பயின்ற மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அந்த மாணவர்களிடமே தொலைபேசியில் கேட்கலாம், பெரும்பாலானோர் தயங்காமல் சொல்வார்கள்.

மூன்று வாரம் கழித்து, அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு தங்கள் மகளை மீண்டும் அழைத்து வாருங்கள். பேராசிரியர்களுக்கு அனுப்ப வேண்டிய முதல் கடிதத்தை என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.